கருவிகள் பிறந்த ரயில் பாதை

வாஷிங்டனிலிருந்து பாஸ்டனுக்கு ரயில் பாதை 457 மைல், நம் கணக்கில் ஏறத்தாழ 735 கிலோமீட்டர். காரையும் விமானத்தையும் நம்பி வாழும் அமெரிக்காவில், ரயிலுக்கு இன்னமும் மதிப்பு இருக்கும் பாதை இதுதான். இதில் ஓடும் ஆம்ட்ராக் ரயில்களே ஓர் அரசியல் முடிவின் விளைவு. பயணிகளை ஏற்றிச் செல்வதில் லாபமில்லை என்று தனியார் ரயில் கம்பெனிகள் கைகழுவப் பார்த்தபோது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1971இல் ஆம்ட்ராக் பிறந்தது.

நான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மோர்ஸ் தந்தி, தொலைபேசி, மின்னணுக் கணினி, டிரான்சிஸ்டர், கையில் பிடித்துப் பேசும் செல்போன் ஆகிய ஐந்தும் உலகுக்கு முதலில் தெரியவந்த இடங்கள் இந்தத் தண்டவாளத்தை ஒட்டியோ, அதிலிருந்து சிறிது தொலைவிலோ இருக்கின்றன. நாடாளுமன்றம், அரசியல் சாசனம் எழுதப்பட்ட மண்டபம், சுதந்திரதேவி சிலை ஆகியவையும் இதே வழியில்தான் வருகின்றன. கண்டுபிடிப்புகளின் கதையை ஒரு புத்தகத்திலும் அரசியல் வரலாற்றை இன்னொரு புத்தகத்திலும் படித்தே நமக்குப் பழக்கம். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் பார்க்க எனக்கு ஆசை.

வாஷிங்டனில் ரயில் ஏறுவதற்கு முன் காங்கிரஸ் நூலகத்துக்குப் போனேன். 1814இல் பிரிட்டிஷ் படை தலைநகரைக் கொளுத்தியபோது பழைய நூலகம் எரிந்துபோனது. மறு ஆண்டு தாமஸ் ஜெஃபர்சன் தன் சொந்தச் சேகரிப்பான 6,487 நூல்களை அரசுக்கு விற்க, அதிலிருந்து மறுபடி வளர்ந்ததுதான் இன்றைய நூலகம். 1897இல் திறக்கப்பட்ட அதன் பெரிய கட்டடத்தில் பளிங்குத் தூண்களையும் கூரை ஓவியங்களையும் அண்ணாந்து பார்த்தபடி கூட்டம் நகர்கிறது. அமெரிக்கர்களின் செல்போனுக்கும் இந்த நூலகத்துக்கும் இருக்கும் தொடர்பு அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது.

1998இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. சினிமாவும் பாட்டும் திருட்டுப் போகாமல் காப்பதற்காக வந்த சட்டம் அது. ஆனால் செல்போனுக்குள் ஓடும் மென்பொருளுக்கும் பதிப்புரிமை உண்டு. ஆகவே ஒரு சேவை நிறுவனத்திடம் வாங்கிய போனின் பூட்டைத் திறந்து வேறு நிறுவனத்தின் சிம்மைப் போடுவதும் அந்தச் சட்டத்தின் வலையில் சிக்கியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதற்கெல்லாம் விலக்கு அளிக்கும் அதிகாரம் காங்கிரஸ் நூலகரிடம் இருக்கிறது. பதிப்புரிமை அலுவலகம் அந்த நூலகத்தின் ஒரு பிரிவு என்பதே இதற்குக் காரணம். 2006இலும் 2010இலும் போன் பூட்டுக்கு விலக்குக் கிடைத்தது. 2012இல் அது தொடரவில்லை. 2013 ஜனவரிக்குப் பிறகு வாங்கும் போனைக் கம்பெனியின் சம்மதமில்லாமல் திறப்பது சட்டவிரோதம் ஆயிற்று. கொதித்த மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினார்கள். காங்கிரஸ் அசைந்து கொடுத்தது. 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட தனிச் சட்டம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, குடிமக்கள் திரண்டு வந்து பதில் வாங்கிய கதை இது.

அங்கிருந்து பழைய காப்புரிமை அலுவலகத்துக்குப் போனேன். கிரேக்கக் கோயில் போன்ற முகப்போடு நிற்கும் அந்தக் கட்டடம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஓவியக்கூடம். ஒரு காலத்தில் கண்டுபிடிப்பாளர்கள் அனுப்பிய மாதிரி இயந்திரங்களை அங்கே அடுக்கிவைத்திருந்தார்கள். இப்போது ஜனாதிபதிகளின் உருவப்படங்கள் தொங்குகின்றன. இந்த இரண்டு உலகங்களுக்கும் பொதுவான ஒரே ஜனாதிபதி லிங்கன். ஆற்று மணலில் தரைதட்டிய படகை, பக்கங்களில் காற்றுப்பைகளை ஊதி மிதக்கவைக்கும் உபாயத்துக்கு 1849 மே 22 அன்று அவர் பெற்ற காப்புரிமையின் எண் 6469. காப்புரிமை பெற்ற வேறு ஜனாதிபதி இன்றுவரை இல்லை. உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு இந்தக் கட்டடமே மருத்துவமனையாக இருந்தது. கவிஞர் வால்ட் விட்மன் இங்கே அவர்களுக்குப் பணிவிடை செய்தார். 1865 மார்ச்சில் லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு விருந்தும் இங்கேதான் நடந்தது. அடுத்த மாதமே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே அலுவலகத்தோடு சேர்ந்து நினைவில் கொள்ள வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை, பருத்திச் சாகுபடிக்கான ஒரு கருவியைச் செய்தார். அதற்கு உரிமை கேட்டு அவருடைய எஜமான் விண்ணப்பித்தார். 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெரமையா பிளாக் தந்த கருத்து, அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையே கிடையாது என்பது. அடிமை குடிமகன் ஆகமாட்டார் என்பதால் அவருக்கும் இல்லை. கண்டுபிடித்தவர் தாமல்ல என்பதால் எஜமானுக்கும் இல்லை. அறிவு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்த அறிவுக்கு உரிமையாளர் யார் என்பதைச் சட்டம் தோலின் நிறம் பார்த்து எழுதியது.

யூனியன் ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் சின்ன முக்கோண வடிவத் திடல் ஒன்று. நடுவில், சிறகுகள் முள்கம்பியில் சிக்கிய இரண்டு கொக்குகளின் வெண்கலச் சிலை. சுற்றிலும் கல்லில் பத்து முகாம்களின் பெயர்கள். இரண்டாம் உலகப் போரில் சிறைவைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கான நினைவிடம் இது.

இதற்கும் கணக்கு இயந்திரத்துக்கும் உள்ள தொடர்பு கசப்பானது. பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட, பத்து ஆண்டுக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணிய அநியாயமும் அதே விதியில்தான் இருந்தது. மக்கள்தொகை பெருகப் பெருக எண்ணி முடிக்க ஆள்பலம் போதவில்லை. 1880ஆம் ஆண்டுக் கணக்கை முடிக்கவே ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த நெருக்கடிக்கு ஹெர்மன் ஹாலரித் கண்டுபிடித்த துளை அட்டை இயந்திரம் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைச் சில மாதங்களில் ஒரு வழிக்குக் கொண்டுவந்தது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜனநாயகத்தின் தேவைக்குப் பிறந்த இயந்திரம் அது. ஆனால் 1942இல், யார் எந்தத் தெருவில் வாழ்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் கணக்கெடுப்பு அலுவலகம் ராணுவத்துக்குத் தந்தது. ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் இயற்றியது.

நம்மைப் பற்றிய தகவலைச் சேகரிக்கும் எந்த இயந்திரமும், ஆட்சியாளரின் மனம் மாறினால் வேறு வேலைக்கும் போகும். போன், டிவி, கைக்கடிகாரம் என வீட்டுச் சாமான்கள் எல்லாம் நம்மைக் கணக்கெடுக்கும் இந்தக் காலத்தில், ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டிய இடம் அந்தச் சின்னத் திடல்.

ரயில் புறப்பட்டு மேரிலாந்துக்குள் நுழைந்தது. பால்டிமோர் வரைக்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பக்கத்தில் ஓடும் வேறொரு பழைய ரயில் பாதையை ஒட்டித்தான் சாமுவேல் மோர்ஸ் 1844இல் தந்திக் கம்பி இழுத்தார். அந்தச் செலவுக்கு 30,000 டாலர் கொடுத்தது காங்கிரஸ். 1843இல் அந்த மசோதா பிரதிநிதிகள் சபையில் 89க்கு 83 என்ற கணக்கில்தான் தப்பித்தது. டென்னசி உறுப்பினர் கேவ் ஜான்சன் எழுந்து, அந்தப் பணத்தில் பாதியை மெஸ்மரிச ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாமே என்று கிண்டல் செய்தார்.

கம்பி முழுவதும் இழுத்து முடிப்பதற்கு முன்பே அதில் பயணம் செய்தது அரசியல் செய்திதான். 1844 மே முதல் தேதி பால்டிமோரில் கூடிய விக் கட்சி மாநாடு ஹென்ரி கிளேயை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. பாதி வழியில் கம்பி முடிந்த இடம் வரை அந்தச் செய்தி ரயிலில் வந்தது. அங்கிருந்து தந்தி வழியாக அந்த ரயிலுக்கு முன்பே வாஷிங்டனை அடைந்தது. அந்த மாதக் கடைசியில் ஜனநாயகக் கட்சி அதே ஊரில் கூடி, சைலஸ் ரைட்டைத் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியது. வாஷிங்டனில் இருந்த அவர் வேண்டாம் என்று தந்தியில் பதில் சொன்னார். கம்பி வழியாக வந்த மறுப்பை மாநாடு நம்பவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டது.

அன்று கிண்டல் செய்த கேவ் ஜான்சன் 1845இல் அஞ்சல் துறைத் தலைவரானார். தந்தி அவருடைய துறையின் கீழ் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு அவர் அடியோடு மாறிப்போனார். இவ்வளவு வல்லமை உள்ள ஒரு சாதனத்தைத் தனியார் கையில் விடக்கூடாது என்று காங்கிரசுக்கு அறிக்கை எழுதினார். மோர்ஸும் தன் உரிமையை அரசுக்கு விற்கத் தயாராக இருந்தார். காங்கிரஸ் வாங்கவில்லை. 1847க்குள் அந்தக் கம்பி தனியார் கைக்குப் போய்விட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் நாட்டின் தந்தியில் பெரும்பகுதி வெஸ்டர்ன் யூனியன் என்ற ஒரே கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. மக்கள் பணத்தில் முளைத்த பயிரை ஒரே கம்பெனி அறுவடை செய்யும் வழக்கம் அமெரிக்காவில் அன்றே தொடங்கிவிட்டது.

பிலடெல்பியாவில் இறங்கினேன். சுதந்திர மண்டபத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் 1776ஐத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது 1787. அந்தக் கோடையில் அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது, நகரத்தை ஒட்டி ஓடும் டெலவேர் ஆற்றில் ஜான் ஃபிட்ச் தன் நீராவிப் படகை ஓட்டிக் காட்டினார். ஆகஸ்ட் 22 அன்று மாநாட்டுப் பிரதிநிதிகள் கரையில் நின்று பார்த்தார்கள். அவர்கள் எழுதிய சாசனத்தின் முதல் பிரிவில், கண்டுபிடிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் உரிமை தரும் அதிகாரம் காங்கிரசுக்கு வழங்கப்பட்டது. அதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. அறிவு வளர்வதற்காகவே அந்த உரிமை. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் மூத்தவர், 81 வயதான பெஞ்சமின் பிராங்க்ளின். தன் அடுப்புக்குக் காப்புரிமை தருகிறேன் என்று ஆளுநர் முன்வந்தும் வேண்டாம் என்றவர். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயன் பெறுகிறோம், நாம் கண்டுபிடித்ததைப் பிறருக்குத் தாராளமாகத் தருவதே முறை என்பது அவர் கொள்கை. காப்புரிமைப் பேச்சு வரும் இடங்களில் பிராங்க்ளினின் பெயரையும் சொல்ல வேண்டும்.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே மூர் பொறியியல் கட்டடத்தில் இனியாக் கணினியின் சில பகுதிகளை வைத்திருக்கிறார்கள். கறுப்பு நிற உலோகப் பலகைகள், வரிசை வரிசையாகத் திருகுகள், தொங்கும் கம்பிகள். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்கிட ராணுவம் பணம் கொடுத்துச் செய்வித்த இயந்திரம் இது. 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை. கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அறிமுக விழாவின் விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அவர்களின் பெயரை உலகம் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதனால்தான் ஆறு பெயரையும் இங்கே எழுதுகிறேன்.

இனியாக்கைச் செய்த எக்கர்ட், மாக்லி இருவரும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி இதே ஊரில் யூனிவாக் கணினியைச் செய்தார்கள். முதல் யூனிவாக்கை 1951இல் வாங்கியதும் அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம்தான். மறு ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் இரவில் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு யூனிவாக்கைப் பயன்படுத்தியது. கடும் போட்டி என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, கொஞ்சம் வாக்குகள் எண்ணப்பட்ட நிலையிலேயே ஐசன்ஹோவருக்கு 438 தேர்வாளர் வாக்குகள் என்றது யூனிவாக். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அதை உடனே சொல்லத் துணிவில்லை. கடைசியில் அவருக்குக் கிடைத்தவை 442.

கணினி எப்படி எல்லோருக்கும் பொதுவானது? இனியாக்கின் காப்புரிமை நிலைத்திருந்தால், கணினி செய்யும் ஒவ்வொருவரும் ஒரு கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்திருக்கும். மினியாபொலிஸ் நீதிமன்றத்தில் நீண்ட வழக்கு நடந்தது. 1973 அக்டோபர் 19 அன்று நீதிபதி ஏர்ல் லார்சன் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். மின்னணுக் கணினி என்ற கருத்து பொதுச் சொத்தாயிற்று. மறுநாள் சனிக்கிழமை, வாட்டர்கேட் வழக்கை விசாரித்த சிறப்பு வழக்கறிஞரை நீக்கச் சொன்னார் நிக்சன். நாடே அதிர்ந்தது. அந்தக் கூச்சலில் இந்தத் தீர்ப்பு யார் காதிலும் விழவில்லை. என் பார்வையில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தீர்ப்புகளில் அது ஒன்று.

மறுபடி ரயில் ஏறினேன். பக்கத்து இருக்கையில், நியூஜெர்சியில் மகளைப் பார்க்கப் போகும் ஒரு மூதாட்டி. என் கையிலிருந்த போனைப் பார்த்துப் பேச்சுத் தொடங்கினார். "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டு போன் எங்களுடையது இல்லை. கம்பெனிக்குச் சொந்தம். மாதாமாதம் வாடகை கட்டுவார் அப்பா. வேறு நிறத்தில் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் காசு" என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் அதை நம்புவதே இல்லையாம்.

அவர் சொன்னது உண்மை. நாட்டின் தொலைபேசியில் மிகப் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ஏடிஅண்ட்டி, தன் போனோடு அயலார் பொருள் எதையும் இணைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலிருக்க, வாய்ப்பக்கத்தில் மாட்டும் கிண்ணம் போன்ற ஒரு மூடி சந்தைக்கு வந்தது. ஹஷ்-எ-ஃபோன் என்று பெயர். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. அதையும் கம்பெனி தடுத்தது. வழக்கு நடந்து, 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைத் தகர்த்தது. பிறகு டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், ரேடியோவையும் போனையும் இணைக்கும் கார்ட்டர்ஃபோன் கருவிக்காகப் போராடினார். 1968இல் தகவல் தொடர்பு ஆணையம் அவர் பக்கம் நின்றது. பதிலளிக்கும் கருவி, ஃபேக்ஸ், மோடம் என்று யார் வேண்டுமானாலும் செய்து போன் கம்பியில் மாட்டலாம் என்ற கதவு அன்று திறந்தது. வீட்டுக் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான்.

மெட்ரோபார்க் நிலையத்தில் இறங்கினால் எடிசன் நகரம் பக்கம். அங்கே தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். "ஊருக்குத்தான் எடிசன் பேரு அண்ணே, தெருவுல பூராவும் நம்ம ஆளுங்கதான்" என்று ஓக் ட்ரீ சாலைக்கு அழைத்துப் போனார். சேலைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை, மசால் தோசை. இதுவும் ஒரு சட்டம் தந்த காட்சி. இன்ன நாட்டுக்கு இத்தனை பேர் என்று ஆசியர்களை ஒதுக்கிவைத்த பழைய குடியேற்ற முறையை 1965 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன், சுதந்திரதேவி சிலையின் அடியில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தக் கையெழுத்து இல்லையென்றால், இந்தச் சாலையில் இத்தனை தமிழ்ப் பொறியாளர்கள் குடியிருக்க முடியாது.

அவரோடு மென்லோ பார்க் போனேன். ஒலிப்பதிவுக் கருவியும் (1877) மின்விளக்கும் (1879) பிறந்த ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில், 1938இல் எழுப்பிய கோபுரம் உச்சியில் பெரிய கண்ணாடி பல்புடன் நிற்கிறது. எடிசன் பெற்ற முதல் காப்புரிமை விளக்குக்கோ பாட்டுப் பெட்டிக்கோ இல்லை. 1869இல், தன் 22ஆம் வயதில், சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கை நொடியில் பதிவு செய்யும் கருவிக்கு அதைப் பெற்றார். வாஷிங்டனில் அதைப் பார்த்த குழுத் தலைவர், இது எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்றாராம். வாக்கெடுப்பு மெதுவாக நடப்பதுதான் சிறுபான்மைக்குப் பேச்சுவார்த்தை நடத்த நேரம் தருகிறது என்பது அவர் சொன்ன காரணம். பிற்காலத்தில் எடிசனே இதைச் சொல்லி, விலைபோகாத பொருளை இனிச் செய்வதில்லை என்று அன்று முடிவெடுத்ததாகக் குறிப்பிட்டார். பிரதிநிதிகள் சபை மின்னணு வாக்கெடுப்புக்கு மாறியது 1973இல். செனட் சபையில் இன்றும் பெயர் கூப்பிட்டுத்தான் வாக்கு வாங்குகிறார்கள். வேகம் எல்லா இடத்திலும் நன்மை ஆகாது என்று அந்தக் குழுத் தலைவர் நினைத்ததில் ஓர் உண்மை இருக்கிறது.

அங்கிருந்து காரில் மர்ரே ஹில் தூரமில்லை. அங்கே பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் பார்டீன், பிராட்டெய்ன் இருவரும், அவர்களின் குழுத் தலைவர் ஷாக்லியும் உலகுக்கு டிரான்சிஸ்டரைத் தந்தார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு. அதே ஆண்டு ஜனவரியில் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமான ஏடிஅண்ட்டிக்கும் அரசுக்கும் நடந்த ஏகபோக வழக்கு ஓர் உடன்பாட்டில் முடிந்தது. அதுவரை பெற்ற காப்புரிமைகளை அமெரிக்க நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும், தொலைபேசித் தொழிலுக்கு வெளியே கால்வைக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் தொழில்முனைவோரைப் பற்றி ஆயிரம் புத்தகங்கள் வந்துவிட்டன. அவர்களுக்குப் பாதை திறந்துவிட்ட இந்த உடன்பாட்டைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை.

நியூயார்க்கில் ஆறாவது அவென்யூ நடைபாதை. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர், ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் காதில் வைத்து, போட்டியாளரான பெல் ஆய்வுக்கூடத்தின் ஜோயல் எங்கலை அழைத்தார். செல்பேசிக்கான அலைவரிசைகளை ஏடிஅண்ட்டிக்கே மொத்தமாகக் கொடுத்துவிடலாமா என்று தகவல் தொடர்பு ஆணையம் யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்களாலும் முடியும் என்று வாஷிங்டனுக்குக் காட்டவே அந்த அழைப்பு. அந்த வகைப் போன் 1983 செப்டம்பரில் அனுமதி பெற்று 3,995 டாலர் விலையில் கடைக்கு வந்தது.

அதே செப்டம்பர் முதல் தேதி, நியூயார்க்கிலிருந்து சியோல் கிளம்பிய கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரும் மாண்டார்கள். ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் வசதியைப் பொதுமக்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று ரீகன் அரசு அறிவித்தது அதன் பிறகுதான். பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கும் ஏற்பாட்டை 2000 மே மாதம் கிளிண்டன் நிறுத்தினார். இன்று ஆட்டோ கூப்பிடுவதும் சோறு வரவழைப்பதும் அந்த இரண்டு முடிவுகளின் பயன்.

கடைசி நிலையம் பாஸ்டன். அரசு அலுவலகங்கள் சூழ்ந்த சதுக்கத்தில், அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1875இல் கம்பி வழியே முதன்முதலாக ஒலியைக் கேட்ட பட்டறை இருந்த இடத்துக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. நான் பாஸ்டனுக்குப் போனது அதைவிட முக்கியமான ஒன்றுக்காக. மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல், கார்களைப் பழுதுபார்க்கும் தகவலை எந்த மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். கார் கம்பியில்லா இணைப்பில் தகவல் அனுப்பத் தொடங்கியபோது, 2020இல் மறுபடி வாக்களித்து அதற்கும் உரிமை கேட்டார்கள். கார் நிறுவனங்களின் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. ஆனாலும் அந்தப் பொறி பரவியது. 2022 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பழைய ஏகபோகக் கேள்வியும் ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டத்தை மீறி ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். ஐபோனில் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக அது 2022இல் மட்டும் ஆப்பிளுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 2,000 கோடி டாலர் என்று அந்த வழக்கில்தான் வெளிவந்தது.

இந்தப் பயணத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. தொழில்நுட்பம் மழைபோலத் தானாகப் பெய்வதில்லை. தந்தியைத் தனியாரிடம் விட்டதும், கணினியைப் பொதுவாக்கியதும், டிரான்சிஸ்டரைத் திறந்துவிட்டதும், மக்கள் கணக்கைச் சிறைக்குப் பயன்படுத்தியதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். நல்ல முடிவுகள் பெரும்பாலும் யாரோ கேட்டதால், வழக்குப் போட்டதால், கையெழுத்துத் திரட்டியதால் வந்தன. கேட்க ஆளில்லாத இடத்தில் பலம் உள்ளவர் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் கண்டுபிடிப்புகளை வியக்கும் நாம், அந்த நாட்டின் சாதாரண மக்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டதையும் கற்க வேண்டும். அடுத்த முறை ஒரு போன் வாங்கும்போது கேமராவையும் விலையையும் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். இதை நான் திறக்கலாமா, பழுதுபார்க்கலாமா, என் தகவல் யாரிடம் போகிறது என்றும் கேளுங்கள். கடைக்காரரிடம் பதில் இல்லையென்றால், வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.